பழைய பெயர் ஒட்டிய பெட்டிகள்

சென்ற மாதம் சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு பிறந்தநாள் வீடு. நண்பரின் மருமகன் நிரோஷன் என் முன்னால் தன் போனை நீட்டினார். ஒரு காரின் இலக்கத் தகட்டைப் படம் பிடித்தால் போதும், அந்தக் காருக்குப் பொருந்தும் உதிரிப்பாகங்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன.

"அங்கிள், நீங்கள் முப்பத்தெட்டு வருசமாச் செய்த வேலைய இது மூண்டு செக்கன்ல செய்யுது" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. போனைப் பறிக்காத குறையாக வாங்கி, வாசலில் நின்ற எட்டுக் கார்களையும் படம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கேக் சாப்பிட உள்ளே போனேன். எட்டில் ஏழு சரி. ஒன்றுக்கு வேறு மாதிரிக் காரின் பிரேக்கைக் காட்டியது. அந்த ஒன்றைப் பற்றி நாங்கள் இருவரும் அரைமணி நேரம் கதைத்தோம். "அப்ப இது இல்லாத காலத்தில என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள்?" என்று அவர் கேட்டார். அதற்குச் சொன்ன பதில் சாப்பாடு முடியும்வரை நீண்டது. எழுதித் தாருங்கள் என்றார். எழுதுகிறேன்.

எங்கள் தொழிலுக்கு ஆஸ்திரேலியாவில் உள்ள பெயரை நேரே தமிழாக்கினால் உதிரிப்பாக மொழிபெயர்ப்பாளர். இதை நான் ஊருக்குக் கடிதத்தில் எழுத, மகன் அவுஸ்திரேலிய அரசாங்கத்தில் துபாஷாக இருக்கிறான் என்று அப்பா அயலெல்லாம் சொல்லித் திரிந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் பௌதீகத்தில் பட்டம் எடுத்திருந்தேன். மெல்பேர்னுக்கு வந்து எஞ்சினியரிங் கம்பெனிகளுக்கு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் மரியாதையான மறுப்புகள் வந்தன. கடைசியில் டண்டினொங்கில், ஒரு ஜெர்மன் காரை இறக்குமதி செய்பவர்களின் உதிரிப்பாகக் கவுண்டரில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள் என்பது பேச்சு. நான் அங்கே ஆறு மாதம் நிற்பேன், பிறகு வேறெங்காவது பறப்பேன் என்பது என் கணக்கு.

அந்தக் காரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்னுடைய பிழையைச் சொல்லும் கதைக்குள் அதை இழுக்க வேண்டியதில்லை. காரின் மூக்கில் நாலு வளையம் என்றால் யாருக்கும் விளங்கும்.

உதிரிப்பாகப் பகுதியின் மனேஜர் லென். ஐம்பது வயது தாண்டிய ஆஸ்திரேலியர். சாம்பல் நிற மேலங்கி, மேற்பையில் இரண்டு பென்சில், அவற்றுக்கு நடுவே ஒரு வேர்னியர் அளவுமானி. எல்லோரும் அவரை லென் என்றே கூப்பிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. மிஸ்டர் லென் என்றேன். இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, "என் வங்கி மனேஜர்கூட என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை, பால்" என்றார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நினைவில் நிற்கிறபடி தமிழில் தருகிறேன். பால் என்பது நான்தான். பாலேந்திரா என்ற பெயரில் அவருக்கு அகப்பட்டது அவ்வளவுதான். என் மேலங்கியிலும் சிவப்பு நூலால் அப்படியே தைத்துத் தந்துவிட்டார்கள்.

லென் வேலை செய்வதைப் பார்ப்பதற்கு நான் டிக்கெட் எடுத்துக்கூடப் போயிருப்பேன். ஒருவர் வந்து தன்னிடம் இன்ன கார், இன்ன மாடல் என்று தொடங்கினால் லென் தலையாட்டுவார், ஆனால் எழுதமாட்டார். கவுண்டரில் ஒரு பத்திரிகைத் தாளை விரிப்பார். "பழையதை இதில் வையுங்கள்" என்பார். மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பார். மூன்று இடத்தில் அளப்பார். மூன்று எண்ணையும் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். பிறகு காரின் சேஸி இலக்கத்தைக் கேட்பார். அதற்குப் பிறகுதான் பாக இலக்க அட்டைகள் அடுக்கிய பெட்டகத்துக்குப் போவார். புதியதை எடுத்து வந்து பழையதற்குப் பக்கத்தில் வைத்து, அதே மூன்று இடத்தில் அளந்து, தாளை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, "நீங்களும் பாருங்கள்" என்பார். காரில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் முதலில் கேட்டதில்லை.

அவர் யாரையும் ஏசியதும் இல்லை. பிழை கண்டால் கண்ணாடியைக் கழற்றி, மேலங்கியின் ஓரத்தால் துடைத்து, மாட்டிக்கொண்டு, சற்று முன் கேட்ட கேள்வியையே இன்னொரு தடவை கேட்பார். அந்த இரண்டாவது கேள்விக்கு நாங்கள் எல்லோரும் பயம்.

எனக்கோ பெயர்களில்தான் பித்து. சனிக்கிழமைகளில் நகர நூலகத்துக்குப் போய் அந்தக் கம்பெனியின் சரித்திரத்தை ஒரு கொப்பியில் எழுதினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில், கொல்லர் வீட்டில் பிறந்த ஒரு ஜெர்மன் எஞ்சினியர் தன் குடும்பப் பெயரிலேயே கார்க் கம்பெனி தொடங்குகிறார். கூட இருந்தவர்களோடு சண்டை பிடித்து வெளியேறி, அதே ஊரில் இன்னொன்றைத் தொடங்குகிறார். பழைய கம்பெனி வழக்குப் போடுகிறது. உன் பெயர் இனி உன்னுடையதல்ல, கம்பெனியுடையது என்று கோர்ட் சொல்லிவிடுகிறது. புதுப் பெயர் யோசிக்கக் கூடிய வீட்டில், மூலையில் லத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரரின் மகன், குடும்பப் பெயரின் அர்த்தம் 'கேள்' என்பதுதானே, அதையே லத்தீனில் வைத்தால் என்ன என்றானாம். வைத்தார்கள்.

முப்பதுகளின் பண நெருக்கடியில் அந்த இரண்டு கம்பெனிகளும், இன்னும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. நாலு வளையம் அப்படி வந்தது. நாலில் ஒன்றுக்கு மூன்றே எழுத்தில் பெயர். அது முதலில் நீராவி வண்டி என்பதன் சுருக்கம். நீராவி வண்டி எடுபடவில்லை. ஒரு விளையாட்டு எஞ்சின் செய்தார்கள். அதே மூன்று எழுத்துக்கு 'சிறுவனின் ஆசை' என்று விளக்கம் சொன்னார்கள். அந்த எஞ்சின் வளர்ந்து மோட்டார் சைக்கிளில் ஏறியதும் 'சின்ன அதிசயம்' என்றார்கள். யுத்தத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் ரஷ்யர் பக்கம் போய்விட, பவேரியாவில் மறுபடி தொடங்கினார்கள். அப்போது கார்களில் ஓடியது இந்த மூன்றெழுத்துப் பெயர்தான், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோடு. அறுபதுகளின் நடுவில் அதைக் கைவிட்டு, தூங்கிக்கிடந்த லத்தீன் பெயரை எழுப்பினார்கள். சில வருடங்களில் வேறொரு கம்பெனியும் வந்து சேர, எங்கள் காலத்துக் கடிதத் தலைப்பில் கம்பெனியின் பெயர் ஒரு வரியை முழுவதாக நிறைத்தது.

தேநீர் இடைவேளைகளில் இதை யாருக்காவது சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. லென் ஒருதரம் கேட்டுவிட்டு, "நல்ல ஞாபகம்" என்றார். பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினார்.

என்னுடைய பத்தாவது கிழமையில் சிட்னித் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்றெழுத்துப் பெயரில் தேங்கிக் கிடக்கும் பழைய பாகங்கள் ஒவ்வொன்றையும் இப்போதைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எதனோடும் பொருந்தாதவற்றைப் பழைய இரும்புக்குப் போடலாம். லென் அதை என்னிடம் தந்தார்.

"இரண்டு கிழமை எடுக்கும். அவசரப்படாதே."

எங்கள் பின்கட்டில் மூன்று இரும்புத் தட்டுகள் நிறைய அந்தப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு அட்டை. அட்டையில் 'ஒப்பிட்டேன்' என்று ஒரு கட்டம். முதல் நாள் காலையில் நாலு பெட்டியை ஒழுங்காக அளந்தேன். நாலும் எஞ்சினுக்குள் போகும் சாமான், எதனோடும் பொருந்தவில்லை. மத்தியானம் எனக்கு மூளை ஓடத் தொடங்கியது. இந்தக் கம்பெனியின் கதை எனக்கு மனப்பாடம். டூ-ஸ்ட்ரோக் முடிந்தது, பெயரும் முடிந்தது. முடிந்துபோன பெயரின் சாமானை ஏன் அளக்க வேண்டும்? மீதி அட்டைகள் எல்லாவற்றிலும் வரிசையாக டிக் போட்டேன். ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. வியாழக்கிழமை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. லென் அன்றைக்குத் துறைமுகத்தில் சரக்கு எடுக்கப் போயிருந்தார். வந்ததும் ஆச்சரியப்படுத்தலாம் என்று காத்திருந்தேன். அவர் நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளி காலை ஒரு பெண் கவுண்டருக்கு வந்தார். முப்பது வயது சொல்லலாம். மழைக்கோட்டுக்குக் கீழே சேலைக் கரை தெரிந்தது. கையில் ஒரு கேக் டின். அதற்குள், துணியில் சுற்றி, முன்சக்கரத்தின் பால் ஜொயின்ட். சக்கரத்தைத் தாங்கி, வளைவில் திரும்பவும் விடுகிற உருண்டை மூட்டு அது. காரைப் பழசாக வாங்கியிருந்தார். இரண்டு பக்கமும் அந்த மூட்டு தேய்ந்து ஆடுவதால் கார் வீதியில் ஓடத் தகுந்தது என்கிற ரோட்வேர்தி சான்றிதழைத் தர கராஜ்காரர் மறுத்துவிட்டார். நம்முடைய நாலு வளையக் கார்தான், மறுபடி எழுப்பிய லத்தீன் பெயரோடு முதலில் வந்த வரிசை. அட்டையைப் பார்த்தேன். கையிருப்பு இல்லை. ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வந்தாலும் மூன்று கிழமை. ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் டின்னின் மூடியை மெல்லப் பூட்டினார். "கோதாரி, தேடித் தேடி வாங்கினன் ஒரு கார்" என்று தனக்குள் சொன்னார்.

"நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்றேன்.

அவர் என் மேலங்கியில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார். "நீர் தமிழே? பிறகென்ன பால் எண்டு எழுதிக்கொண்டு நிக்கிறீர்?"

"பாலேந்திரா. மிச்சத்துக்குத் துணியில இடம் காணாதாம்."

"சிரிக்கிற நிலைமையில நான் இல்லைத் தம்பி." கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றினார். "நான் டொக்டர். பேர் சாந்தினி. திங்கள் காலமை எட்டு மணிக்கு கிப்ஸ்லாந்தில வேலைக்கு நிக்கவேணும். சின்ன ஆஸ்பத்திரி. பண்ணையளுக்கும் வீடுவீடாய்ப் போகவேணும். சொந்தக் கார் கட்டாயம் எண்டு கடிதத்திலேயே இருக்கு. ஏழு மாசம் எழுதி எழுதி இப்பத்தான் ஒரு இடம் ஓம் எண்டிருக்கு. காரில்லாட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவம் எண்டு நேற்று போனில சொல்லிப்போட்டாங்கள்."

தமிழ்ச் சத்தம் கேட்டோ என்னவோ லென் உள்ளேயிருந்து வந்தார். பத்திரிகைத் தாளை விரித்தார். டின்னைக் காட்டி, "பழையதை இதில் வையுங்கள்" என்றார். துடைத்தார். அளந்தார். மூன்று எண்களையும் எழுதிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அட்டைப் பெட்டகத்துக்குப் போகாமல் நேரே பின்கட்டுக்கு நடந்தார். வெறுங்கையோடு திரும்பினார்.

"பால், மூன்றாவது தட்டில் இருந்த பெட்டிகள் எங்கே?"

"பழைய இரும்புக்குப் போய்விட்டன. வேலையை நேற்றே முடித்துவிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"மூன்றாவது தட்டில் இருந்த பெட்டிகள் எங்கே?"

நான் கதையைத் தொடங்கினேன். மூன்றெழுத்துக் கம்பெனி, டூ-ஸ்ட்ரோக், பெயர் கைவிடப்பட்டது, இந்த அம்மாவின் கார் அதற்குப் பிறகு வந்தது. லென் கடைசிவரை கேட்டார்.

"அந்தக் கடைசி டூ-ஸ்ட்ரோக் காரின் உடம்பில்தான் புது எஞ்சினைப் போட்டார்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் நீட்டினார்கள். பெயரை மாற்றினார்கள். கீழே இருக்கிற உருண்டை மூட்டுகளை எதற்காக மாற்றப் போகிறார்கள்?" என்றார். பிறகு, "ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒப்பிட்டாயா?"

புது எஞ்சின், பழைய உடம்பு. அது என் கொப்பியிலேயே இருந்தது. சுவையான செய்தி என்று பக்கத்தில் ஒரு கோடு வேறு போட்டிருந்தேன். அட்டைகள் எல்லாவற்றிலும் என் டிக் இருந்தது. ஓம் என்று சொல்லியிருக்கலாம். பட்டியலில் பிழை இருந்தது என்று சமாளித்திருக்கலாம். மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு கிழமைதான். அந்த நிமிடத்தில், ஆறு மாதத்தில் விட்டுப் பறக்கலாம் என்று நினைத்திருந்த அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது.

"இல்லை" என்றேன். "நாலு பெட்டிதான் ஒப்பிட்டேன். மற்றதெல்லாம் பெயரைப் பார்த்து டிக் போட்டேன்."

டொக்டர் சாந்தினி ஆங்கிலத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனாலும் தமிழில் கேட்டார். "தம்பி, இப்ப நீர் என்ன சொன்னீர்?"

"உங்கட காருக்குப் பொருந்துற சாமானை நான்தான் நேற்று எறிஞ்சனான், டொக்டர்."

"எங்க?"

"இஞ்சதான். ரயில் பாதைக்கு அங்கால."

"அப்ப ஏன் இன்னும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

லென் அட்டைகளை என் கையில் தந்தார். 

பழைய இரும்பு வாங்கும் யார்ட் ஸ்தாவ்ரோஸ் என்ற கிரேக்கருடையது. எங்கள் லொறிச் சரக்கை அவர் குளிர்சாதனப் பெட்டிக் கதவுகளுக்கும் சலவை இயந்திரங்களுக்கும் நடுவில் கொட்டியிருந்தார். முந்திய இரவு நல்ல மழை. அட்டைப் பெட்டிகள் கூழாகி, ஒட்டிய பெயர்கள் எல்லாம் கழன்று சேற்றில் கிடந்தன. மிஞ்சியது மெழுகுத் தாளில் சுற்றிய இரும்புதான், எல்லாம் ஒரே நிறத்தில்.

"நாலு மணிக்கு அழுத்துகிற இயந்திரத்தைப் போடுவேன்" என்றார் ஸ்தாவ்ரோஸ். பிறகு டொக்டரின் சேலையைப் பார்த்துவிட்டு, தன்னுடைய ரப்பர் சப்பாத்து ஒரு சோடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

நான் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, இரும்பில் பொறித்திருந்த இலக்கத்தை அட்டையோடு பார்த்தேன். டொக்டர் அப்படிச் செய்யவில்லை. பழைய ஜொயின்டை இடக்கையில் வைத்துக்கொண்டு, வலக்கையால் பொட்டலங்களை வெளியிலிருந்தே தடவினார். "எலும்பு பாக்கிற மாதிரித்தான்" என்றார். ஒன்றரை மணி நேரத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"பௌதீகம் படிச்சனீர் எண்டீர்?"

"ஓம்."

"பரவாயில்லை. கையும் இருக்குத்தானே. குனியும்."

மூன்று மணி தாண்டியபோது லென் வந்தார். அந்த நேரத்தில் அவர் கவுண்டரை விட்டு வெளியேறி நான் கண்டதில்லை. வந்தவர் மேலங்கியோடே குவியலில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று அகப்பட்டது. அச்சொட்டாக அதே உருவம். லென் அதைத் துடைத்து, முழங்காலில் வைத்து அளந்தார். "இல்லை. இதற்கு முந்திய காருடையது. தண்டு ஒரு மில்லிமீற்றர் மெல்லிசு."

"ஒரு மில்லிமீற்றர்தானே?" என்றார் டொக்டர். அவருடைய குரல் அன்றைக்கு முதல்தடவையாக உடைந்தது.

"ஒரு துளி மருந்துதானே என்று நான் உங்களிடம் கேட்டால்?" என்றார் லென்.

டொக்டர் சேலையை இன்னும் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபக்கம் போனார். நாலு மணி ஆனது. ஸ்தாவ்ரோஸ் இயந்திரத்தைப் போடவில்லை. ஒரு சலவை இயந்திரத்தைத் தோளால் நெம்பி, தள்ளி வைத்துவிட்டு, தானும் குனிந்தார். இரண்டாவது மூட்டு அதற்குக் கீழேதான் இருந்தது. லென் மூன்று இடத்தில் அளந்தார். அளவுமானியை எங்கள் பக்கம் திருப்பி, "நீங்களும் பாருங்கள்" என்றார். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

சனி மத்தியானம் காருக்குச் சான்றிதழ் கிடைத்தது. திங்கள் காலை பத்து மணிக்கு எங்கள் கவுண்டர் போன் அடித்தது.

"தம்பி, எட்டுக்கு அஞ்சு நிமிசம் இருக்கேக்க வந்திட்டன். பின்னேரம் முதல் பண்ணைக்குப் போறன். ஆளுக்கு மாடு உதைச்சுக் கால் முறிஞ்சு போச்சாம்." பிறகு, "கார் நேராப் போகுது. ஆட்டமில்லை."

அதற்குள் லென் என் மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருந்தார். தலைமையகத்துக்கு நடந்ததை எழுத வேண்டும், நானே எழுத வேண்டும். சனிக்கிழமை முழுவதும் யார்ட்டில் நின்று மீட்ட பொட்டலங்களில் எத்தனை இப்போதைய கார்களுக்குப் பொருந்துகின்றன என்பதையும் எழுதவேண்டும். எழுதினேன். என் டிக்குகளைப் பற்றியும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கொப்பியைத் திறந்து பார்த்திருந்தேன். பந்தயக் கார்கள் பற்றிய அத்தியாயத்துக்கு ஓடும் அவசரத்தில் ஒரே வரியில் தாண்டிப்போன ஒரு இடம் அதில் இருந்தது. தொழிற்சாலைகளை இழந்து பவேரியாவுக்கு வந்தவர்கள் முதலில் தொடங்கியது கார்த் தொழிற்சாலை அல்ல. ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கு உதிரிப்பாகம் கொடுக்கும் ஒரு களஞ்சியம். இந்தக் கம்பெனி இரண்டாம் தடவை எழுந்தது எங்களைப் போன்ற ஒரு கவுண்டரிலிருந்துதான் என்று கடிதத்தின் கடைசிப் பந்தியில் எழுதினேன். லென் வாசித்தார். 'அற்புதமான' என்ற ஒரு சொல்லைப் பென்சிலால் வெட்டினார். மற்றதை அப்படியே தபாலில் போட்டார்.

நாலாம் நாள் சிட்னியிலிருந்து லென்னுக்குப் போன். நான் தட்டுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சிட்னியின் லிட்கம்மில் இருந்த அவர்களுடைய பெரிய களஞ்சியத்துக்கும் அதே சுற்றறிக்கை போயிருந்ததாம். எங்களிடம் இருந்ததைப்போல ஐந்து மடங்கு. ஒப்பிட ஆளில்லை. திங்கட்கிழமைக்கு லொறி சொல்லியாகிவிட்டது.

"ஆள் இருக்கிறான்" என்றார் லென். மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். "ஓம், அவனேதான். எல்லாவற்றையும் ஒருதரம் எறிந்து பார்த்தவன். இனி எறியமாட்டான்."

போனை வைத்தார். மேற்பையிலிருந்த அளவுமானியை எடுத்து என்னிடம் நீட்டினார். திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ரயிலேறிப் போய் லிட்கம்மில் இறங்கியபோது, களஞ்சியத்து வாசலில் லொறி நின்றது. கையுறை மாட்டிய இரண்டு பேர் முதல் தட்டுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்கள். அவர்களில் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெல்பேர்னிலிருந்து வந்த நிபுணர் நீர்தானா? எதை முதலில் எறியலாம்?"

"லொறியை அனுப்பிவிடுங்கள்" என்றேன். "எனக்கு ஒரு கதிரையும் நேற்றைய பத்திரிகையும் வேண்டும்."